ஒட்டாசிலியோவின் பெயர்

சர்க்கரை ஆலைக்குப் பின்னால் கரும்புச் சக்கை மலையாய்க் குவிந்து, உள்ளுக்குள் புகைந்துகொண்டே கிடக்கும். அந்தச் சூட்டிலும் சக்கையைத் தின்று செரிக்கிற பாக்டீரியா ஏதாவது இருக்குமென்று ஆராய்ச்சிக்காரி ஜந்தீரா தேடினாள். தோண்டி அள்ளிக்கொண்டு வந்து கொடுத்தவர் ஆய்வகத்து வண்டியோட்டி ஒட்டாசிலியோ. பூஞ்சைத் தூசியை வருஷக்கணக்காக மூச்சில் இழுத்ததில் நுரையீரல் கெட்டு, இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறார்.

புதிய இனத்தைக் கண்டுபிடித்தவர்தான், கண்ணுகளா, அதற்குப் பெயர் வைப்பார். "உங்க பேர்தான் அண்ணே" என்று ஜந்தீரா வாக்குக் கொடுத்திருந்தாள்.

ஆய்வகத் தட்டில் வளர்ந்த பாக்டீரியாப் புள்ளி ஒன்றை எடுத்துப் புதுத் தட்டில் தேய்க்க வேண்டும். அதில் வளர்ந்ததை எடுத்து இன்னொன்றில். ஒரே இனம்தான் என்று உறுதியாகும்வரை அலுக்காமல் செய்கிற வேலை அது. அவருக்கு மூச்சு குறையக் குறைய ஜந்தீராவுக்குப் பொறுமை போய்விட்டது. காகிதமும் சக்கை மாதிரி நார்தானே, பாக்டீரியாவோடு சோதனைக் குழாயில் போட்ட காகிதத் துண்டுதான் கூழாய்க் கரைந்துவிட்டதே என்று பாதியில் நிறுத்தி, மரபணுச் சோதனைக்கு அனுப்பிவிட்டாள்.

முடிவு வந்தது. இரண்டு இனங்களின் மரபணுக்கள் கலந்து கிடந்தன. பிரித்து வளர்த்தாள். ஒன்று தளதளவென்று வளர்ந்தது, காகிதத்தைத் தொடவே இல்லை. அது ஏற்கெனவே பெயர் உள்ள இனம். காகிதத்தைத் தின்ற மற்றதுதான் புதியது. அதைத் தனியாக விட்டதும் செத்துப்போனது. உயிரோடு தனியாக வளர்த்துக் காட்டாததற்கு வைத்த பெயரைப் பதிவில் ஏற்கமாட்டார்கள். மறுபடி முயல மாதக்கணக்காகும். அவருக்கு அவ்வளவு நாள் இல்லை.

"என்ன டாக்டரம்மா, மூஞ்சி வேகாத பீன்ஸ் மாதிரி இருக்கு? நான் இன்னும் சாகலையே!" ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றவளைப் பார்த்து ஒட்டாசிலியோ கேட்டார்.

"அவசரப்பட்டுட்டேன் அண்ணே. அது ஒண்ணு இல்ல, ரெண்டு. உங்க பேர் வைக்க வேண்டியது தனியா நிக்காம செத்துப்போச்சு."

சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. "என்னை மாதிரியேதான். இந்த ஆக்சிஜன் குழாயப் புடுங்கினா நானும் அவ்வளவுதான்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நேய்டிகிட்ட சொல்லிடாத தாயி. சர்ச்சு பூரா சொல்லி வச்சிருக்கா."

சொல்லி வாய் மூடவில்லை, மகள் நேய்டி காப்பியோடு வந்துவிட்டாள்.

"அத்தை! அப்பா பேரு வச்சாச்சா?"

"வச்சாச்சும்மா."

"அப்ப எழுதிக் குடுங்க. ஞாயித்துக்கிழமை பாதிரியார் வாசிக்கட்டும்."

ரொட்டி சுற்றியிருந்த காகிதத்தில் ஜந்தீரா எழுதினாள். லத்தீனில், முறைப்படி, எழுத்தெழுத்தாக. உலகத்தில் எந்தப் பதிவிலும் ஏறாத பெயர். நேய்டி அதை உரக்க வாசித்தாள். நாக்குக் குழறாமல் வரவேண்டுமென்று திரும்பவும் வாசித்தாள்.

ஒட்டாசிலியோ சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.