மூன்றாம் இடத்துப் பலகை

ஹார்லன் ஃபால்ஸ் ஊர் எல்லையில் நட்ட பலகை அவ்வளவு பெரியது, ஒஹாயோ மாநிலத்தில் பாதி அதன் நிழலில் வந்து படுத்துக்கொள்ளலாம். 'புதுமையில் மாநிலத்திலேயே மூன்றாம் இடம்' என்று மஞ்சள் எழுத்தில் எழுதியிருந்தது. அந்த மூன்று வெர்னா ஸ்ட்ராப் பெற்ற பிள்ளை. மாவட்ட வளர்ச்சி அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாகப் புள்ளிவிவரம் எழுதுகிறவள் அவள். வாஷிங்டனிலிருந்து வரும் காப்புரிமைப் பட்டியலில் தன் மாவட்டத்து வரிகளை எண்ணி, ஜனத்தொகையால் வகுப்பாள். வழக்கமாக இரண்டு வரி தேறும். அந்த வருடம் பதினாலு! மேலதிகாரி பர்செல் மேசை அகலத்துக்கு ஒரு கேக் வரவழைத்து, மூன்று நாள் அதையே தின்றார்.

வியாழக்கிழமை மதியம் வெர்னாவின் தம்பி ஓட்டிஸ் அலுவலகத்துக்குள் வந்தான். ஊரின் ஒரே பம்பு ஆலையில் வால்வு வடிவமைப்பவன். அக்குளில் ஒரு கண்ணாடிச் சட்டம். போன வருடம் அவன் பெயரில் கிடைத்த காப்புரிமை, வீட்டில் டிவிக்கு மேலே ஆணியடித்து மாட்டியிருந்தது.

"என்னடா, சாமி படத்தைத் தூக்கிட்டு ஊர்வலமா?"

"ஆலை வக்கீல் கேட்டாரு, அக்கா. காப்புரிமையோட மூலப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கணுமாம். நான் எழுதினதுல தப்பு இருக்குன்னு சத்தியம் பண்ணிக் கையெழுத்து போட்டா, திருத்திப் புதுசா கொடுப்பாங்களாம்."

"தப்பு இருக்கா?"

"மயிரளவு. ஆனா அதுக்கு வக்கீல் மூணு பேரு வந்திருக்கான். எங்க ஆலையோட பத்திரம் பன்னெண்டை ஏற்கெனவே திருத்திட்டாங்களாம்."

பன்னிரண்டு. வெர்னா பட்டியலை இழுத்துப் பிரித்தாள். பதினாலு வரிகளில் பன்னிரண்டின் எண்ணுக்கு முன்னால் இரண்டு சிறிய எழுத்துகள். மறுவழங்கல், அதாவது பழைய காப்புரிமையையே திருத்தி மறுபடி கொடுத்தது என்பதற்கான அடையாளம். அவள் வரிகளைத்தான் எண்ணினாள், எழுத்துகளைப் பார்க்கவில்லை. வழக்கமான அந்த இரண்டு போக, புதிதாக ஒரு திருகாணிகூட யாரும் கண்டுபிடிக்கவில்லை. பழைய பிழைகளைத்தான் ஊர் வரிசையாக ஒப்புக்கொண்டிருந்தது.

அதுவும் ஏன் இத்தனை அவசரமாக? விற்கப்போகிற வீட்டுக்குத்தான் பத்திரத்தில் வில்லங்கம் தேடித் தேடித் தீர்ப்பார்கள்.

"ஓட்டிஸ், ஃபோர்ட் வெய்ன்ல ஒரு வேலை வந்துதே. நாளைக்குள்ள பதில் சொல்லணும்னியே. உடனே போறேன்னு சொல்லுடா. ஆலையை விக்கப்போறாங்க."

ஓட்டிஸ் சிரித்தான். "வேணாம்னு திங்கட்கிழமையே சொல்லிட்டேனே. ஊர் எல்லையில உன் பலகை நிக்குது, மூணாம் இடம்னு. இப்படி ஒரு ஊரை விட்டு எவனாவது போவானா?"

வெர்னா ஃபோனை எடுத்து அவன் கையில் திணித்தாள். அவன் பேசினான், கேட்டான், மெதுவாக வைத்தான். "நேத்தே வேற ஆளை எடுத்துட்டாங்களாம்." சட்டத்தைத் தூக்கிக்கொண்டு கையெழுத்துப் போடப் போய்விட்டான். போடாவிட்டால் இந்த வேலையும் அன்றே போய்விடும்.

வெர்னா பட்டியலோடு பர்செல் அறைக்குள் நுழைந்தாள்.

"வழங்கலும் ஒரு வரி, மறுவழங்கலும் ஒரு வரி. என்னம்மா பெரிய வித்தியாசம்?" என்றார் பர்செல். "பலகையில பெயின்ட் காஞ்சாச்சு."

அதிலிருந்து ஐந்தாம் மாதம் ஆலையின் கதவில் பூட்டு விழுந்தது. ஊரின் மொத்தத் துருவையும் திரட்டிச் செய்தது போன்ற பூட்டு. பத்திரங்களை வாங்கியவன் இயந்திரங்களைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, பழைய இரும்புக்குப் போட்டான். முந்நூறு பேர் தெருவுக்கு வந்தார்கள். பாதிப் பேர் ஊரைவிட்டே போனார்கள்.

அடுத்த வருடப் பட்டியல் வந்தது. கடைசிக் கட்டுத் திருத்தங்கள் சேர்ந்து பதினைந்து வரி. வெர்னா இந்த முறை எழுத்துகளைப் பார்த்து எண்ணி, 'ஒன்று' என்று எழுதிக் கொடுத்தாள். பர்செல் அதை அடித்துப் பதினைந்து என்று திருத்தினார். ஆள் குறைந்த ஊரில் வகுத்தால் கணக்கு இன்னும் எகிறியது. இரண்டாம் இடம்.

பலகையில் மூன்றை அழிக்க ஆள் தேடியபோது, மணிக்கு ஐந்து டாலருக்கு வர ஊரில் ஒருவன் இருந்தான். வெர்னா காரை நிறுத்தி இறங்கினாள். ஏணி உச்சியில் ஓட்டிஸ் மஞ்சள் தூரிகையோடு நின்றான்.

"அக்கா," என்றான் திரும்பாமலே, "இந்த ரெண்டுல என்னோட பத்திரமும் இருக்குல்ல?"

"இருக்குடா," என்றாள் வெர்னா, ஆடிய ஏணியைப் பிடித்துக்கொண்டு.