அண்ணைக்குத் தடிமன்

ஜெர்மனி ஒரு நாடு எண்டு ஆர் சொன்னது? சொன்னவனை எனக்கு முன்னால கொண்டு வந்து விடுங்கோ, நான் கதைக்கிறன். இது பதினாறு நாடு. ரயிலில இருந்து பாத்தால் ஒண்டும் தெரியாது. அதே வயல், அதே காத்தாலை, அதே பேக்கரி. ஆனா என்ர அடையாளத் துண்டில "சாக்சன் மாநிலத்துக்குள்ள மட்டும்" எண்டு அச்சடிச்சிருக்கு. நான் இருக்கிறது லைப்சிக்கில. என்ர அண்ணை ஜேசுரட்ணம் இருந்தது டோர்ட்மண்டில. அது வேற மாநிலம், வேற அரசாங்கம், வேற மந்திரி. காலமை ரயில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அண்ணை வீட்டில நிக்கலாம். எனக்கு ஏலாது.

முந்தி அப்பிடி இல்லை. அகதி வழக்கு நடந்துகொண்டு இருக்கேக்க நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் போய் வந்தனான். கடைசி நீதிமன்றமும் இல்லையெண்டு சொல்லி, திருப்பி அனுப்பப் போறம் எண்டு கடிதம் வந்த பிறகுதான் மாநிலத்துக்குள்ள கட்டிப் போட்டாங்கள். அதுக்குப் பிறகு மிச்சமா இருந்தது ஒரேயொரு கதவு. இஞ்ச மாநிலத்துக்கு மாநிலம் ஒரு ஆணைக்குழு இருக்கு. சட்டப்படி உனக்கு உரிமை இல்லை, ஆனா உன்னைப் பாத்தால் பாவமாக் கிடக்கு எண்டு அவை சொன்னால், மாநில மந்திரி விரும்பினால் இருக்க விடலாம். பெர்லினில இருக்கிற பெரிய அரசாங்கம்கூட அதுக்குள்ள தலை போடாது. என்ர பரிதாபம் சாக்சனுக்குச் சொந்தம். டோர்ட்மண்டில போய் நிண்டு பரிதாபமா இருக்க எனக்கு அனுமதி இல்லை.

ஆணைக்குழுவுக்கு விண்ணப்பம் போட்டால் பிணைக்கு ஒரு ஆளும் வேணும். இவன்ர சோறு தண்ணிக்கு நான் பொறுப்பு எண்டு இந்த நாட்டில வேர் விட்ட ஒருத்தர் ஒப்பம் வைக்க வேணும். வேற ஆர் வைக்கிறது? அண்ணைதான். எண்பதுகளில வந்து, கோப்பை கழுவி, பேந்து இரும்புத் தொழிற்சாலையில நிண்டு, பிரஜாவுரிமையும் எடுத்த மனுசன். எனக்கும் அவருக்கும் பதினஞ்சு வயசு வித்தியாசம். அவர் எங்கட ஊர் பாசையூரை விட்டு வெளிக்கிடேக்க நான் மூக்குச் சிந்தத் தெரியாத பொடியன்.

அவருக்கு ஒரு பழைய பயம் இருந்தது. வந்த புதுசில, அகதிக் காம்பில இருக்கேக்க, கூட்டாளியின்ர கலியாணத்துக்கு ஸ்டுட்கார்ட்டுக்குப் போக அனுமதி கேட்டவராம். ஏலாது எண்டு கலைச்சுப் போட்டாங்கள். இவர் களவாப் போய், ஸ்டேசனில இறங்கின உடன பொலிஸ் பிடிச்சு உள்ளுக்குப் போட்டுட்டுது. தாலி கட்டுறதையும் பாக்கேல்லை, பலகாரமும் தின்னேல்லை. அண்டையில இருந்து அவருக்கு ஒரு சட்டம்தான் தெரியும். கேட்டால் விடமாட்டாங்கள், கேளாமல் போனால் பிடிப்பாங்கள். ஒவ்வொரு தரமும் போனை வைக்கேக்க, கேஸ் முடியுமட்டும் மாநிலத்தைத் தாண்டாதை தம்பி எண்டு சொல்லித்தான் வைப்பார். நான், ஓம் அண்ணை, வேலியில கட்டின ஆடு மாதிரித்தான் நிக்கிறன் எண்டு சொல்லுவன்.

மாசி மாசம் தொடக்கம் அண்ணைக்குத் தடிமன். அப்பிடித்தான் எனக்குச் சொன்னவை. வீடியோவில வாங்கோ எண்டால் கமெரா பழுது. குரல் ஏன் இப்பிடிக் கிடக்கு எண்டால் தடிமன். பங்குனியிலயும் தடிமன், சித்திரையிலயும் தடிமன். நானும் ஒரு விசரன், இஞ்சியும் கொத்தமல்லியும் அவிச்சுக் குடுங்கோ எண்டு பேர்பெச்சுவா அண்ணிக்கு வைத்தியம் சொல்லிக் குடுத்தனான். அவ, ஓம் தம்பி குடுக்கிறன் எண்டவ. அவையின்ர மகள் ஜெசிக்கா ஆஸ்பத்திரியில வேலை செய்யிற பிள்ளை. அவளும், அப்பாவுக்குச் சளி சித்தப்பா எண்டுதான் சொன்னவள்.

எங்கட சனத்துக்கு இது ஒரு வியாதி. தூரத்தில இருக்கிறவனுக்குக் கெட்டது சொல்லக் கூடாது. தாய் செத்ததையே பிள்ளையின்ர சோதினை முடியுமட்டும் மறைச்சு வைக்கிற ஆக்கள் நாங்கள். கேட்டால் அன்பு எண்டுவினம். கோதாரியில போன அன்பு.

வைகாசியில ஒரு படம் வந்தது. பிணைக்கு ஒப்பம் வைக்க அண்ணை கந்தோருக்குப் போனபோது எடுத்த படம். கறுப்புக் கோட்டு, கழுத்தில சிவப்பு ரை, தலையில ஒரு தொப்பி. முகம் கொஞ்சம் வத்தியிருந்தது. என்ன அண்ணை, ரெண்டாம் கலியாணமோ, அண்ணிக்குச் சொல்லட்டோ எண்டு எழுதிப்போட்டன். அவர் சிரிக்கிற முகம் ஒண்டை அனுப்பினார். அதுதான் அவரிட்ட இருந்து எனக்கு வந்த கடைசி.

ஆடியில ஒரு காலமை அண்ணி போன் அடிச்சா. அண்ணை போயிட்டார் எண்டா. வயித்துக்குள்ள கான்சராம். மாசியிலயே கண்டுபிடிச்சதாம். அதுக்கு நான் என்ன சொன்னனான் எண்டு எனக்கே தெரியாது. நான் கத்தினதைக் கேட்டுத்தான் பக்கத்து அறை எரித்திரியாக்காரன் ஓடி வந்தவன்.

டெர்மின் எண்டு முன்கூட்டியே நேரம் ஒண்டும் எடுக்காமல் நேர வெளிநாட்டார் கந்தோருக்கு ஓடினன். வாசலில நிண்ட காவல்காரன் டெர்மின் எங்கை எண்டு கேட்டான். எனக்கு அழுகைதான் வந்தது. அவன் கதவைத் திறந்துவிட்டான். உள்ளுக்க கண்ணாடி போட்ட ஒரு மனிசி இருந்தா. எனக்குத் தெரிஞ்ச ஜெர்மன் தூசணம் எல்லாத்தையும் அடுக்கிக்கொண்டு சண்டைக்கு ஆயத்தமாப் போனனான். ஒண்டும் தேவைப்படேல்லை. அவ எழும்பி நிண்டு கை தந்து அனுதாபம் சொல்லிப்போட்டு, நான் இருக்க முந்தியே போய்வர அனுமதித் துண்டை அடிச்சுத் தந்தா. பேந்து எவ்வளவு காலமா வருத்தம் எண்டு கேட்டா. மாசியில இருந்து எண்டன். அவ பேனையைக் கீழ வைச்சா.

"அப்ப ஏன் நீங்கள் முந்தியே வரேல்லை? டொக்டரின்ர கடிதம் ஒண்டு காட்டியிருந்தால் கிழமைக்குக் கிழமை போக விட்டிருப்பன். அதால உங்கட விண்ணப்பத்துக்கு ஒண்டும் வந்திராது."

நான் நன்றி சொல்லிப்போட்டு வெளியில வந்தன்.

ரயிலில எனக்குப் பக்கத்தில ஒருத்தரும் வந்து இருக்கேல்லை. என்ர முகம் அப்பிடி இருந்திருக்கும். கிழமைக்குக் கிழமை. அவருக்குக் கால் அமத்தி விட்டிருப்பன். முகம் வழிச்சு விட்டிருப்பன். ஒண்டும் இல்லாட்டில் கட்டிலுக்குப் பக்கத்தில இருந்து பழைய பகிடியள் சொல்லியிருப்பன். கந்தோரில ஒரு வார்த்தை கேட்டிருந்தால் காணும், கேக்க எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காணும். அண்ணியை விடுறேல்லை எண்டு முடிவெடுத்தன். செத்த வீடு எண்டும் பாக்கிறேல்லை, சனம் நிக்குது எண்டும் பாக்கிறேல்லை, அந்தக் கந்தோர் மனிசி சொன்னதை அப்பிடியே முகத்துக்கு நேர சொல்லுறது. சாக்சன் எங்கை முடிஞ்சது எண்டுகூட நான் பாக்கேல்லை.

அண்ணை பெட்டிக்குள்ள அதே கறுப்புக் கோட்டோடயும் சிவப்பு ரையோடயும் கிடந்தார். ஜெசிக்கா எனக்குப் பக்கத்தில வந்து நிண்டு மெதுவாச் சொன்னாள். ஒப்பம் வைக்கப் போன அண்டைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில இருந்துதான் எழும்பிப் போனவராம். வருத்தக்காரன் எண்டு கண்டால் பிணையை ஏற்க மாட்டாங்கள் எண்டு, உடம்பு பருமனாத் தெரியிறதுக்காகக் கோட்டுக்குள்ள ரெண்டு ஸ்வெட்டர் போட்டவராம். மயிர் கொட்டினது தெரியாமல் இருக்கத்தான் தொப்பியாம். நான் மாப்பிள்ளை எண்டு பகிடி விட்ட கோலம் அது. நெத்தியில கை வைச்சன். ஐயோ அண்ணை, உங்களுக்கு நான் கொத்தமல்லியெல்லோ அவிக்கச் சொன்னனான் எண்டு சொல்லி அழுதன்.

அடக்கம் முடிஞ்சு, சனம் எல்லாம் போன பிறகு அண்ணி தேத்தண்ணியோட வந்து எனக்குப் பக்கத்தில இருந்தா. ஆள் பாதியாப் போயிருந்தா. இனிப் பிணைக்குத் தான் ஒப்பம் வைக்கிறதாச் சொன்னா. டெர்மினும் கேட்டுப்போட்டாவாம். புருசனை மண்ணுக்குள்ள வைச்ச கையோட என்ர கேஸைப் பற்றிக் கதைச்சுக்கொண்டு இருந்தா. பேந்து கோப்பையைப் பாத்தபடி மற்றதையும் சொன்னா. கடைசி நாளுகளில, பென்ஜமின் வந்திட்டானோ எண்டு என்ர பேரைச் சொல்லி அண்ணை ரெண்டு மூண்டு தரம் கேட்டவராம். இவ போனைக் கையில எடுக்க, வேண்டாம், அவன்ர கேஸ் பழுதாகிப் போகும் எண்டு அவரே மறிச்சவராம். நான் எடுத்த போனை வைச்சிட்டன் தம்பி எண்டா.

எனக்குத் தெரியும் அடுத்ததா என்ன கேக்கப் போறா எண்டு.

"கேட்டிருந்தால் உம்மை விட்டிருப்பாங்களோ, தம்பி?"

ரயில் முழுக்க அடுக்கிக்கொண்டு வந்தது எல்லாம் வாய் வரைக்கும் வந்து நிண்டது. அண்ணி என்ர முகத்தையே பாத்துக்கொண்டு இருந்தா.

"விட்டிருக்க மாட்டாங்கள் அண்ணி. அண்ணை சொன்னதுதான் சரி."

அவ நீளமா ஒரு மூச்சு விட்டா. மாசியில இருந்து அடக்கி வைச்ச மூச்சு போல. என்ர கோப்பையை வாங்கி வைச்சிட்டு, ஏன் தம்பி உமக்குக் குரல் இப்பிடி அடைச்சுப்போய்க் கிடக்கு எண்டு கேட்டா.

தடிமன் அண்ணி எண்டன்.