எதிரெதிர்க் கடைக்காரிகள்

மருந்துக்கடைக்காரி ஒத்திகைக்கு வரும்போதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தாள். கூடத்தின் மறுகோடியில் அவளுடைய அண்ணி குனிந்து, அடியில் தகடு பதித்த, தட்டி ஆடும் டேப் நடனக் காலணியின் நாடாவை முடிந்துகொண்டிருந்தாள். போன மாதம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுப் போய், வாடகை அறையில் தனியாகத் தங்கியிருப்பவள். ஏன் என்று யார் கேட்டும் வாய் திறக்கவில்லை. அண்ணன்தான் சாப்பாட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "நான் என்ன குறை வெச்சேன் அவளுக்கு?" என்று புலம்பிக்கொண்டிருந்தான். அதே வீட்டில் இருக்கும் தங்கைக்கு அதைப் பார்த்துப் பார்த்து அண்ணி மேல் ஆத்திரமாக வந்தது.

குடியிருப்புக்காரர்கள் சேர்ந்து போடும் இசை நாடகத்தில் இருவருக்கும் எதிரெதிர்க் கடைக்காரிகள் வேடம். வாய் பேசாமல் காலாலேயே சண்டை போட வேண்டும். ஒருத்தி தட்ட, மற்றவள் பதில் தட்டுவாள். வேடம் கிடைத்த அன்று கட்டிப்பிடித்துச் சிரித்தவர்கள்தான்.

நடனம் சொல்லிக்கொடுக்கும் சலூன்காரர் கைதட்டினார். "செத்த பாம்பை அடிக்கிற மாதிரி தட்டாதீங்க. ரெண்டு பேருக்கும் நெஜமாவே ஆகாதுன்னு ஜனங்க நம்பணும்."

"அதெல்லாம் நம்பிடுவாங்க," என்றாள் மருந்துக்கடைக்காரி.

பியானோ தொடங்கியது. அவள் குதிகாலை ஊன்றி நுனியால் பொரிந்து தள்ளினாள். அண்ணி அதே தாளத்தைத் திருப்பிக் கொடுத்தாள். மருந்துக்கடைக்காரி மூச்சு விட இடம் தராமல் அடுத்ததைத் தொடங்கினாள். இன்னும் வேகம். பியானோக்காரர் பின்தொடர முடியாமல் கையை எடுத்துவிட்டார். பலகையில் இரும்பு மோதும் சத்தம் மட்டும் கூடமெங்கும் தெறித்தது.

"மெதுவா! மெதுவா!" என்றார் சலூன்காரர். யார் காதிலும் விழவில்லை.

பலகைகளின் இணைப்பில் அண்ணியின் குதிகால் சிக்கியது. அவள் சாய்வதைக் கண்டதும் கோபமெல்லாம் எங்கோ போய்விட, பிடிப்பதற்காக மருந்துக்கடைக்காரி கையை ஓங்கி நீட்டிப் பாய்ந்தாள்.

அண்ணி இரண்டு முழங்கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு சுருண்டாள். "வேண்டாம்," என்றாள், மிகச் சன்னமாக.

கீழே விழுகிறவள் கையைத் தரையில் ஊன்றத்தான் பார்ப்பாள். இவள் முகத்தை மறைத்தாள்.

மருந்துக்கடைக்காரி நீட்டிய கையைக் கீழே இறக்கினாள். கதவு இடித்துவிட்டது என்று முன்பொரு நாள் அண்ணி கடைக்கு வந்து களிம்பு கேட்டதும், 'அந்தக் கதவுக்கு எங்க அண்ணி மேல என்ன கோபமாம்?' என்று சிரித்துக்கொண்டே தானே எடுத்துக் கொடுத்ததும் நினைவுக்கு வந்தன.

அண்ணியை ஓரமாக உட்கார வைத்து, கணுக்காலைத் தடவிப் பார்த்தாள். சுளுக்கு இல்லை.

"அண்ணி... அந்தக் கதவு..."

"கதவாவே இருக்கட்டும்மா."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"உனக்கு இருக்கிறது ஒரே அண்ணன். அவரைப் பத்தி என்னன்னு சொல்ல?"

வெளியே கார் ஹாரன் கேட்டது. தங்கையைக் கூட்டிப்போக அண்ணன் வந்துவிட்டான். காலணி நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்த அண்ணியின் விரல்கள் அப்படியே நின்றன.

மருந்துக்கடைக்காரி காலணியோடு எழுந்தாள். நடக்க நடக்க டக் டக்கென்று கூடம் எதிரொலித்தது. வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"அவ உள்ளதான இருக்கா? ஒரு வார்த்தை பேசிட்டு வந்துடறேன்," என்றான் அண்ணன்.

"வேண்டாம்ண்ணா."

"உன்கிட்ட என்ன சொன்னா?"

"ஒண்ணுமே சொல்லல. நீ சொல்லு. கை நீட்டினியா?"

'என்ன பேச்சு இது' என்று அவன் கத்துவான், இல்லவே இல்லை என்று சத்தியம் செய்வான் என்று எதிர்பார்த்தாள். அப்படிச் செய்திருந்தால் அவன் மேல் தப்பில்லை என்றே நம்பியிருப்பாள். அவன் கார்ச் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வீட்டு விஷயம் வீட்டோட இருக்கட்டும். நகரு."

தோளில் கை வைத்துத் தள்ளினான். அவள் கதவு நிலையை இறுகப் பற்றிக்கொண்டாள். பின்னால் சலூன்காரரும் பியானோக்காரரும் வந்து நின்றார்கள். அண்ணன் அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படியிறங்கினான்.

கார் திரும்பிப் போகும்வரை அவள் நிலையை விடவில்லை. உள்ளே வந்து அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலணி நாடாவை அவிழ்த்தாள்.

"இன்னிக்கு எங்க தங்குவே?" என்றாள் அண்ணி.

"உங்க அறையில இடம் இருக்கா?"

"தரைதான் இருக்கு."

"போதும்," என்றாள். பிறகுதான் அழுகை வந்தது.