தயிர்சாதத்தில் ஒரு மாத்திரை

என் வீட்டுக்காரர் சிதம்பரநாதனின் வேடத்துக்கு ஆள் எடுத்தார்கள். அந்தத் தேர்வில் அவரே தோற்றுப்போனார்.

அவர் கணிதப் பேராசிரியர். எண்கள் அவரோடு பேசும். சில நாள் திட்டவும் செய்யும். அவர் வாழ்க்கையைச் சபாவில் நாடகமாகப் போடுகிறார்கள் என்றதும், அசலே இருக்கும்போது வேறு ஆள் எதற்கு என்று கூட்டிக்கொண்டு போனேன். கையில் தயிர்சாத டப்பா. அவர் மாத்திரையை அதில்தான் அவருக்குத் தெரியாமல் ஒளித்துவைப்பேன். ஒரு வேளை தவறினாலும் எண்கள் கத்த ஆரம்பித்துவிடும்.

"தலை வாரியிருக்காரே?" என்றார் சபா செயலாளர் கோதண்டம்.

"நான்தான் வாரிவிட்டேன்."

"மேதைக்கு யாராவது தலை வாருவாங்களாம்மா? சார், கொஞ்சம் மனநோய் காட்டுங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். மத்தியானமாயிற்று.

"எப்ப ஆரம்பிப்பார்?"

"இதுதாங்க அது."

"இதுக்கு எவன் டிக்கெட் வாங்குவான்?"

அடுத்து வந்த நடிகர் சட்டையைக் கிழித்துக்கொண்டு சுவரெல்லாம் சூத்திரம் எழுதினார். கோதண்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இவர்தான் சிதம்பரநாதன்."

"அப்ப நான்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நீங்க மூணாவது வரிசை. செல்போனை அணைச்சிடுங்க."

உடனே நாடகம் தொடங்கியது. கடைசிக் காட்சியில் என் அன்பால் அவருக்குக் குணமாகிவிட்டது. நானாக நடித்தவள் அழுத அழுகைக்கு நானே கைதட்டினேன்.

"வீட்ல நீ இப்படி அழுததே இல்லையே," என்றார் அவர்.

"நேரம் எங்க இருந்தது?"

வீட்டுக்குப் போனோம். தெரு கொஞ்சம் நீண்டிருந்தது. என் புடவையில் அந்த நடிகை கதவைத் திறந்தாள்.

"யார் வேணும்?"

"நான் தெய்வயானை."

"நான்தான் தெய்வயானை."

உள்ளே நடிகர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நன்றாகக் குணமாகியிருந்தார்.

"அவரோட மாத்திரையையாவது கொடும்மா."

"குணமானவருக்கு மாத்திரை எதுக்கு? தூக்கிப் போட்டாச்சு."

பக்கத்து வீட்டு அலமேலு எட்டிப் பார்த்தாள். "இவர் லட்சணமா இருக்கார். வம்பு பண்ணாம போயிடுங்க," என்றாள் எங்களிடம்.

சபாவுக்கே திரும்பினோம். மேடையில் எங்கள் வீடு காலியாக இருந்தது. அவர் நடிகர் எழுதிய சூத்திரத்தைத் துண்டால் துடைத்துவிட்டுச் சரியாக எழுதினார். எண்கள் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டதாகச் சொன்னார். என்னிடம் மிச்சம் டப்பாவில் இருந்த ஒரே மாத்திரைதான். சாதத்தோடு பிசைந்து கொடுத்தேன்.

இரண்டாவது வாயில் மாத்திரையை எடுத்து டப்பா மூடியில் வைத்தார்.

"உப்பு போட மறந்துட்ட தெய்வயானை. மாத்திரை மட்டும் போட்டிருக்க."

"உங்களுக்குத் தெரியுமா?"

"முதல் நாள்லேருந்தே. தெரியாத மாதிரி நடிச்சேன்."

மூன்றாவது வரிசையிலிருந்து கோதண்டத்தின் குரல் வந்தது. "சத்தமா சொல்லுங்க சார், இங்க கேட்கலை."

"உங்களுக்குச் சொல்லலை," என்றார் என் வீட்டுக்காரர். மாத்திரையை விழுங்கினார்.

நான் எழுந்து போய்த் திரையை இழுத்து மூடினேன்.