செங்கானூர்ச் சண்டை

வருடா வருடம் பங்குனி பதினாறாம் தேதி காலை பத்து மணிக்கு மரகதவல்லி செங்கானூர் நடுத்தெருவில் தன் புருஷனோடு சண்டை போடுவாள். மாவட்டச் சுற்றுலா நாட்காட்டியில் அது இருக்கிறது. முந்தின நாள் பக்கத்து ஊர்த் தேர். மறுநாள் மாட்டுச் சந்தை.

இந்த வருடத்தோடு ஏழு சண்டை.

முதல் சண்டையை யாரும் ஏற்பாடு செய்யவில்லை. அவர்களுடைய ஒன்றரை வயதுப் பிள்ளை காய்ச்சலில் போய் நாற்பது நாள் ஆகியிருந்தது. தனிகாசலம் வயர்மேன். புயல் அடித்த வாரம் கம்பம் நடுவதற்கு அவனைக் கடலோர ஊர்களுக்கு அனுப்பியிருந்தார்கள். மூன்று நாள் அவனோடு பேச வழியில்லை. வீட்டிலிருந்த ஒரே வண்டியும் அவனோடு போயிருந்தது. செங்கானூரில் டாக்டர் கிடையாது. மரகதவல்லி காலை பஸ்ஸுக்காகக் காத்திருந்தாள். பஸ் வந்தது. பிள்ளை அதற்கு முன்பே போய்விட்டது.

நாற்பதாம் நாள் தனிகாசலம் அவளைக் கேட்காமல் தொட்டிலைத் தூக்கி யாருக்கோ கொடுத்துவிட்டான். அதைப் பார்த்துக்கொண்டே அவள் சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறாளே என்றுதான் கொடுத்தான். அவள் தெருவுக்கு வந்து கத்தினாள். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அவனை ‘நீ’ என்றாள்.

“உன்னாலதான் எம்புள்ள செத்துச்சு.”

அவன் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

சொன்ன வாய் மூடுவதற்குள் அது சொல்லக்கூடாத வார்த்தை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இல்லைங்க என்று சொல்ல நிமிர்ந்தாள். எதிரே ஒரு சுற்றுலா பஸ் நின்றது. டயர் பஞ்சர். நாற்பத்தெட்டு பேர் இறங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேருக்கு முன்னால் அவளுக்கு வாய் வரவில்லை. உள்ளே போய்விட்டாள்.

அந்த நாற்பத்தெட்டு பேரும் கோதண்டத்தின் கடையில் டீ குடித்தார்கள். கூடையிலிருந்த கொய்யாவை மிச்சமில்லாமல் வாங்கினார்கள். கோட்டையும் அருவியும் பார்த்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். பார்த்ததிலேயே இதுதான் மனதில் நின்றது என்றார்கள். கோதண்டம் டீக்கடையும் வைத்திருந்தார், பஞ்சாயத்துத் தலைவராகவும் இருந்தார். அவர் ஒரு நோட்டை நீட்டி அதை எழுதித் தரச் சொன்னார்.

பத்தாம் நாள் மாவட்டச் சுற்றுலா அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. செங்கானூர்ச் சண்டை சமூக நிகழ்வாக ஏற்கப்பட்டது. ஆண்டுதோறும் நடத்தவும்.

கோதண்டம் கடிதத்தோடு வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பேசினார். நம்ம ஊரில் மலை இல்லை, கடல் இல்லை, பாடல் பெற்ற கோயில் இல்லை, ஒரு பாறையில் நாலு எழுத்துக்கூட இல்லை, ஆண்டவன் கொடுத்தது இது ஒன்றுதான் என்றார். தனிகாசலம் ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஒன்றும் சொல்லாததைக் கோதண்டம் சம்மதம் என்று எழுதிக்கொண்டார்.

ஊர் மாறியது. டீக்கடை மூன்று மாடி லாட்ஜ் ஆனது. பள்ளிக்கூடத்துக்குக் கூரை வந்தது. தெருவில் முன்பும் நாற்பது வீடுகள்தான், இப்போதும் நாற்பதுதான். ஆனால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்க முக்கால் மணி நேரம் பிடித்தது. கூட்டம் கொள்ள வேண்டுமே என்று தெருவே நீண்டுகொண்டது.

பக்கத்து வீட்டு சுலோச்சனா போன மாசியில் டிக்கெட் கவுண்டராக மாறிவிட்டாள். கருப்பு பெயின்ட், முகத்துக்குக் கம்பி வலை, வாய் இருந்த இடத்தில் அரைவட்டத் துளை. மரகதவல்லி சாயங்காலங்களில் அவள் மேல் சாய்ந்து நின்று பேசுவாள். சுலோச்சனா முன்புபோலவே உம் கொட்டிக் கேட்பாள். கடைசியில் மட்டும், “அடுத்தது யாரு?” என்பாள்.

நாலாவது வருடம் ஊருக்கு ஆஸ்பத்திரி வந்தது. வெள்ளைக் கட்டடம், பத்துக் கட்டில், ஒரு டாக்டர். வெயிலில் நின்று சண்டை பார்க்கிறவர்கள் மயங்கி விழுவதால் கட்டினார்கள். பங்குனி பதினாறு அன்று காலை ஒன்பதிலிருந்து ஒன்று வரை திறந்திருக்கும். மரகதவல்லி ஒருநாள் அதன் வாசலில் போய் நின்றாள். கதவில் பூட்டு இருந்தது. அவள் பிள்ளை போனதால் நடந்த சண்டையால் வந்த ஆஸ்பத்திரி அது. அவள் அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

ஐந்தாவது வருடத்திலிருந்து துறை ஒரு பயிற்சியாளரை அனுப்பியது. அவர் அந்த வாக்கியத்தைச் சீர்செய்தார். ‘உன்னாலதான்’ என்பதற்குப் பிறகு ஒரு மூச்சு விட வேண்டும். ‘எம்புள்ள’ என்பதைக் கீழே இறக்கிச் சொல்ல வேண்டும். தனிகாசலம் உட்கார்ந்த இடத்துக்கு டைல்ஸ் ஒட்டி, சுற்றிலும் கம்பி அடைத்தார்கள். அவன் உட்காருவதுதான் பார்க்க வருகிறவர்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

வருடத்தில் மற்ற நாட்களில் அவர்கள் சண்டை போட்டதே இல்லை. பேசுவதும் குறைந்துவிட்டது. அவள் சோறு போடுவாள், அவன் சாப்பிடுவான். ஒரு தடவை சோற்றைப் பிசைந்துகொண்டே அவன் கேட்டான்.

“நீ அத நெசமாவே நெனக்கிறியா, வல்லி?”

“எத?”

“வருசா வருசம் சொல்றியே, அத.”

இல்லைங்க என்று அவள் சொன்னாள். அவன் தலையாட்டினான். ஆறு தடவை தெருவில் கேட்டதை ஒரு தடவை அடுப்படியில் கேட்டது அழிக்கவில்லை என்று அவன் கை நின்றதிலிருந்து அவளுக்குத் தெரிந்தது. அன்றைக்குத்தான் அந்த ஒரு வாக்கியத்தை எடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். மற்றதெல்லாம் இருக்கட்டும். தொட்டிலுக்காக எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம்.

மாவட்டச் சுற்றுலா அலுவலகத்துக்குப் போனாள். வாசலில் இருந்தவர் பதிவேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, நிகழ்வா, ஆளா என்று கேட்டார். ஆள் என்றாள். ஆட்களுக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் என்றார். அதனால் அவள் நிகழ்வு என்று கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

தாழ்வாரத்தில் அறைகள் வரிசையாக இருந்தன. முதல் அறை பெருநிகழ்வுகள். அதற்குள் ஒரு விளையாட்டு மைதானம் இருந்தது, ஆட்கள் இன்னும் அதன் மேற்குப் பக்கத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது அடையாள நிகழ்வுகள். அங்கே ஒரு ஜல்லிக்கட்டுக் காளை கொம்பில் டோக்கன் செருகி பெஞ்சு ஓரமாக நின்றது. அடுத்து அறுவடை விழாக்கள், உணவுத் திருவிழாக்கள், படகுப் போட்டிகள். அவள் நடக்க நடக்கத் தாழ்வாரம் முன்னால் போய்க்கொண்டே இருந்தது. சுவரில் மாட்டியிருந்த காலண்டர்கள் ஐப்பசியில் தொடங்கின. சமூக நிகழ்வுகள் அறைக்கு அவள் வந்து சேர்ந்தபோது தை பிறந்திருந்தது.

திட்ட அலுவலர் ஞானசம்பத் மரியாதையானவர். உட்காரச் சொன்னார். வகைகளை விளக்கினார். பெருநிகழ்வு என்றால் அதற்காக ஒரு ஊரையே கட்டுவார்கள். அடையாள நிகழ்வு என்றால் ஊர்ப்பேரைச் சொன்னதும் அது ஞாபகம் வர வேண்டும். சமூக நிகழ்வு என்றால் ஊர்க்காரர்கள் தங்களுக்காகவே நடத்திக்கொள்வது. செங்கானூர் இப்போதைக்கு மூன்றாவதில் இருக்கிறது, இரண்டாவதுக்குப் போக வாய்ப்பு இருக்கிறது என்றார்.

அவள் வந்த காரியத்தைச் சொன்னாள்.

அந்த வாக்கியம் பையில் அச்சாகியிருக்கிறது, பனியனில் அச்சாகியிருக்கிறது, ஊர் எல்லையில் வளைவில் எழுதியிருக்கிறது என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். இருந்தாலும் வழி இருக்கிறது என்று ஒரு படிவத்தை எடுத்தார். வாக்கியம் பொய் என்று சொன்னவரே எழுதித் தர வேண்டும். படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான். பிள்ளை யாரால் செத்தது?

“யாராலயும் இல்லீங்க சார். காய்ச்சல்.”

“ஆள் பேர்தான் எழுதணும்மா.”

அவள் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புயலின் பேரை எழுதலாமா என்று கேட்டாள். புயல் இயற்கைப் பேரிடர் துறையில் வரும் என்றார். வெளியே காளை ஒரு தடவை பெருமூச்சு விட்டது. தன் மனதுக்குள் இந்தக் கட்டத்தில் இத்தனை வருடமாக யார் பேர் இருந்தது என்று அவளுக்குத் தெரியும். ஆள் அனுப்பி யார் வண்டியாவது கேட்டிருக்கலாம். தூக்கிக்கொண்டு ஒன்பது கிலோமீட்டர் நடந்திருக்கலாம். பஸ் வரும் என்று உட்கார்ந்திருந்தது யார்? அவள் தன் பேரை எழுதினாள். இனிஷியலும் போட்டாள்.

ஞானசம்பத் அதை இரண்டு தடவை படித்தார். முத்திரையை எடுத்தார், திரும்ப வைத்தார்.

“இது நடக்காதும்மா.”

“ஏன் சார்?”

“இதுல சண்ட வராது. ஒரே ஆள் ஆயிடுது.”

படிவத்தைக் கோப்பில் வைத்துக்கொண்டார். திரும்பி வரும்போது தாழ்வாரம் பத்தடிதான் இருந்தது.

வீட்டுக்கு வந்து தனிகாசலத்திடம் எதையும் சொல்லவில்லை. கோதண்டத்திடம் மட்டும் போய், இந்த வருடம் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டேன் என்றாள். கோதண்டம் கோபப்படவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தைக் காட்டினார். பிள்ளைகள் கூரைக்குக் கீழே உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“மழ வந்தா இதுங்க எங்க போகும்னு நீயே சொல்லும்மா” என்றார்.

உயிரோடு இருந்தால் அவள் பிள்ளையும் இரண்டாம் வகுப்பில் அந்தக் கூரைக்குக் கீழேதான் உட்கார்ந்திருக்கும். அவள் வீட்டுக்கு வந்து அழுதாள். ஆனால் முடிவை மாற்றவில்லை.

பங்குனி பதினாறு வந்தது. நூற்று அறுபது பஸ் வந்திருப்பதாகச் சொன்னார்கள். சுலோச்சனாவுக்கு முன்னால் வரிசை ஊர் எல்லை வரைக்கும் நின்றது. ஞானசம்பத் வெள்ளைச் சட்டையில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரி திறந்திருந்தது.

பத்து மணிக்கு மரகதவல்லி வாசலுக்கு வந்தாள். தொட்டிலைப் பற்றிக் கேட்டாள். யாரைக் கேட்டுக் கொடுத்த என்றாள். தனிகாசலம் எழுதிக்கொடுத்தபடி பதில் சொன்னான். அந்த இடம் வந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

கூட்டம் காத்திருந்தது. பயிற்சியாளர் ஒரு மூச்சு என்று சொல்லியிருந்தார். பத்து மூச்சு ஆயிற்று. மைக்கில் காற்று மட்டும் கேட்டது. அவள் தனிகாசலத்தைப் பார்த்துத் தலையை அசைத்தாள், இல்லை என்று. ஆறு வருடத்துக்கு முன்னால் அசைக்க வேண்டிய தலை அது. அவனுக்கு அது புரிந்தது. அவன் முகம் ஒருமாதிரி கோணியது. அவள் மறந்துவிட்டதாக மற்றவர்கள் நினைத்தார்கள்.

தனிகாசலம் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். மைக் அவன் உயரத்துக்கு இல்லை. குனிந்தான்.

“என்னாலதான் எம்புள்ள செத்துச்சு” என்றான்.

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. தப்பாகச் சொல்கிறார் என்று யாரோ சொன்னார்கள். பனியனைப் பிடித்து இழுத்துக் காட்டி, உன்னாலதான் என்று ஒருவர் திருத்தினார். அவர் பக்கத்திலிருந்தவர்களும் சொன்னார்கள். பிறகு தெருவின் முக்கால் மணி நேர நீளத்துக்கும் அது போய், திரும்பி வந்தது. எல்லோரும் சேர்ந்து, ‘உன்னாலதான்’ என்பதற்குப் பிறகு ஒரு மூச்சு விட்டு, ‘எம்புள்ள’ என்பதைக் கீழே இறக்கி, ஒரே குரலில் சொன்னார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சொன்னார்கள். சுலோச்சனா துளை வழியாகச் சொன்னாள். அவர்கள் எல்லோரும் அவனைப் பார்த்துச் சொன்னார்கள்.

தனிகாசலம் கம்பிக்குள் போய் உட்கார்ந்தான்.

கைதட்டல் அடங்க நேரமானது. ஞானசம்பத் எழுந்து, பார்வையாளர் பங்கேற்பு இந்த அளவுக்கு வேறு எந்த நிகழ்விலும் இல்லை என்று அறிவித்தார். செங்கானூர் இன்றுமுதல் அடையாள நிகழ்வு. மரகதவல்லியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இனிமேல் அவள் சிரமப்பட்டு அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டியதில்லை, கோரிக்கை ஏற்கப்பட்டது என்றார்.

பதினோரு மணிக்கு வடக்கேயிருந்து தாமதமாக நாலு பஸ் வந்தது. வந்தவர்களுக்காக இன்னொரு தடவை நடத்திவிடலாம் என்று கோதண்டம் கேட்டுக்கொண்டார். தனிகாசலம் எழுந்திருக்கவில்லை. மறுபடி உட்காரத்தானே வேண்டும் என்று இருந்துவிட்டான்.

மரகதவல்லி கம்பியைத் தாண்டி உள்ளே போனாள். டைல்ஸ் சுட்டது. அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏழு சண்டையில் அந்த இடத்தில் அவள் உட்காருவது இதுதான் முதல் தடவை. அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவன் அழ ஆரம்பித்தான். அவளும் அழுதாள்.

புதிதாக வந்தவர்கள் இதுதான் சண்டை என்று நினைத்து நெருங்கி வந்து படம் எடுத்தார்கள். நன்றாக இருக்கிறது என்றார்கள். கோதண்டம் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைத் திருப்பி மணி பார்த்துவிட்டு, கம்பிக்கு வெளியே குனிந்து, மெதுவாகக் கேட்டார்.

“இது எத்தன நிமிசம் வரும்மா?”