கோஷே வீட்டு முளைச்சோளம்

ஈரச் சாக்கின் அடியில் சோளம் முளைவிட்டிருந்தது, வெள்ளை வெள்ளையாய், கோழிக்குஞ்சின் மூக்கு மாதிரி. நாளைக்கு வெயிலில் காயப்போட்டால் அப்புறம் அரைத்துவிடலாம். அடுத்த ஞாயிறு கோஷேயின் மகள் தோத்தோவுக்குத் தேவாலயத்தில் கல்யாணம். நூபா மலையிலிருந்து லாரி ஏறி வருகிற சொந்தங்களுக்குச் சோளக்கள்ளு ஊற்றாமல் அவள் வம்சத்தில் யாரும் கல்யாணம் நடத்தியதில்லை.

சூடான் நாட்டில் மது கூடாதென்று சட்டம் போட்டு, புட்டிகளையெல்லாம் நைல் ஆற்றில் கொட்டிப் பன்னிரண்டு வருஷமாகியிருந்தது. புட்டிக்காரர்கள் வேறு வழி பார்த்துக்கொண்டார்கள். வீட்டில் கள்ளு புளிக்கவைக்கும் பானைக்காரிகள்தான் அகப்பட்டார்கள். கோஷே ஏற்கெனவே ஒரு தடவை நாற்பது கசையடி வாங்கி, ஓம்துர்மான் சிறையில் ஒரு மாதம் இருந்தவள். மறுபடி பிடிபட்டால் மகள் கல்யாணத்தன்று கம்பிக்குப் பின்னால்தான் நிற்பாள்.

சனிக்கிழமை முற்பகலில் ஏட்டு பாபிகர் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார். பூட்ஸ் நுனியால் சாக்கைத் தூக்கினார்.

"என்ன இது?"

கோஷே பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அடுத்த வீட்டு சித்தன்னா மதிலுக்கு மேல் தலையை நீட்டினாள். ஐந்து வேளைத் தொழுகை தவறாதவள்.

"என் சோளம் தம்பி அது. நோன்பு வருதில்ல, ஹிலு-முர் சுட வேணாமா?"

கள்ளுக்கு எந்த முளைச்சோளமோ, ஹிலு-முருக்கும் அதேதான். அரைத்துப் புளிக்கவைத்து, இஞ்சி, வெந்தயம், சீரகமெல்லாம் சேர்த்து, மெல்லிசாகச் சுட்டு உலர்த்தி வைப்பார்கள். நோன்பு திறக்கும்போது தண்ணீரில் ஊறவைத்துக் குடித்தால் வயிறு குளிரும், போதை ஏறாது. வருஷா வருஷம் சித்தன்னா அதற்கான சோளத்தைக் கோஷேயிடம்தான் வாங்குவாள். ஆக, அவள் சொன்னது பொய்யில்லை.

"எல்லாமேவா உங்களோடது?"

"எனக்கு வேணுங்கறது என்னோடது."

"வீட்டுல என்ன பட்டாளமா இருக்கு?"

"போன நோன்புல என் வாசல்ல உக்காந்து நாலு குவளை குடிச்சது யாராம்?"

ஏட்டு மீசையைத் தடவி வாயை மறைத்துக்கொண்டார். "சரி. வெள்ளிக்கிழமை வருவேன். தெருமுனையிலயே ஹிலு-முர் வாசம் அடிக்கணும். அடிக்கலேன்னா கோஷே வண்டியில ஏற வேண்டியதுதான்."

அவர் போனதும் கோஷே சாக்கை இழுத்து மூடினாள். "எல்லாத்தையும் சுட்டுட்டா கல்யாணத்துக்கு என்னக்கா பண்ணுவேன்?"

"அடி பைத்தியமே, அவன் வாசம்தானே கேட்டான்? எடையா கேட்டான்?"

வெள்ளிக்கிழமை காலை கால் பங்கு மாவைச் சித்தன்னா கோஷே வீட்டு வாசலிலேயே இரும்புக்கல் வைத்துச் சுட்டாள். மசாலா மட்டும் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. புகையைத் தெருப் பக்கமாக விசிறிவிட்டாள். மிச்சம் முக்கால் பங்கும் பின்னறையில் மூன்று பானைகளில் நுரைத்துக்கொண்டிருந்தது.

"அங்க என்ன இருக்குன்னு நான் பாக்கல. எனக்குக் கண்ணு சரியில்ல," என்றாள் சித்தன்னா.

"நேத்து ஊசியில நூல் கோத்தியே அக்கா?"

"அது வேற கண்ணுடி."

தொழுகை முடிந்து வந்த ஏட்டு தெருமுனையிலேயே நின்று மூச்சை இழுத்தார். வந்து உட்கார்ந்தார். சித்தன்னா சுட்ட ஹிலு-முர் தகடு நாலை மடித்துப் பொட்டலமாகக் கொடுத்தாள்.

"இன்னும் ரெண்டு குடுங்கக்கா. எங்க வீட்டுல சுட்டா கருகிப்போகுது."

அப்போது பின்னறையில் ஒரு பானை 'பொளக்' என்றது. சித்தன்னா பலமாக இருமினாள். ஏட்டு பின்னறை வாசலில் தொங்கிய திரைச்சீலையைப் பார்த்தார். பிறகு பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார்.

"கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும்," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

நடந்தது. மலைக்காரர்கள் திங்கள் மத்தியானம் வரை ஆடினார்கள்.

இருபத்தைந்து வருஷம் கழித்து, முஸ்லிம் அல்லாதவர்கள் குடிக்கலாம் என்று சட்டத்தைத் தளர்த்தியதாக வானொலி சொன்னது. மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து சித்தன்னாவின் குரல் வந்தது. பல் போன குரல்.

"இனிமே என் வாசம் உனக்கு வேணாமில்லடி?"

தோத்தோவின் மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். கோஷே முளைச்சோளத்தை இரண்டு சாக்காகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"சும்மா கத்தாத. வெந்தயம் வாங்கிட்டேன். இரும்புக்கல்லைத் தேய்ச்சு வை."