முதல் படியில் மஞ்சள்

திருமலை அடிவாரத்தில், அலிபிரியின் முதல் படிக்கு மஞ்சள் தடவியதுமே கோதை அதன் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். குனிந்தது ஒன்றுதான் அவள் செய்த வேலை. அதற்கே காது அடைத்து, கண்ணுக்குள் பூச்சி பறந்தது.

அம்மா பிரமிளா கிண்ணத்தோடு இரண்டாவது படியருகே நின்றாள். "எழுந்துருடி கண்ணு. உன் கையால வெக்கறதாத்தான் வேண்டிக்கினேன். மலை உச்சி வரைக்கும் யாரு போவச் சொன்னா? தோ, அந்த வளைவு வரைக்கும்."

போன வருஷம் பள்ளிக்கூடத்து கோ-கோ ஆட்டத்தில் யார் கையிலும் சிக்காமல் ஓடிய பெண்தான் இவள். ரத்தத்தில் புற்று என்று சொல்லி, திருப்பதி ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றத் தொடங்கியதிலிருந்து இப்படி. சோர்வு என்று சொன்னால் எல்லோரும் தூங்கச் சொல்கிறார்கள். தூங்கித்தான் எழுகிறாள். எழும்போதே நேற்றைய சோர்வு அவளுக்கு முன்னால் விழித்துக்கொண்டு பக்கத்தில் இருக்கிறது. பல் தேய்க்கப் போனவள் பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே சுவரில் சாய்ந்து நிற்கிறாள். சொந்த ஊர் நகரியிலிருந்து தோழி போன் செய்தால், ஒரு 'உம்' சொல்லக்கூட மூச்சைத் தேட வேண்டியிருக்கிறது.

"முடியலம்மா."

"சொன்னதச் செய்யலன்னா வர்ற வாரம் போடற ஊசி எப்டிடி உடம்புல புடிக்கும்?"

"அது வாணாம்மா."

"இன்னாது?"

"அந்த ஊசி. இனிமே வாணாம்."

பிரமிளா காதில் விழாததுபோலக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டுக் குழைத்தாள். ஏற்கெனவே குழைந்திருந்த மஞ்சள், விரலிடுக்கில் ஒழுகியது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டாவது படிக்குத் தானே தடவினாள். மூன்றாவதற்கும்.

வேறு ஊராக இருந்தால் கோதையின் தலையைப் பார்த்தவர்கள் இன்னொரு முறை திரும்பிப் பார்ப்பார்கள். திருப்பதியில் பார்ப்பதில்லை. படியேற வந்த ஒருத்தி, அந்த மொட்டைத் தலையையும் மஞ்சள் விரல்களையும் துவண்டு கிடந்த கால்களையும் கண்டு கை கூப்பினாள்.

"முடி குடுத்துட்டு எறங்கி வர்றியா பாப்பா? தரிசனம் நல்லா ஆச்சா?"

கோதை தலையாட்டினாள். இல்லை என்று சொல்ல நிறையப் பேச வேண்டும்.

"அதான் இவ்ளோ அசந்துபோய்க் குந்திகினு கீற. ரொம்பக் கஷ்டமா?"

"மொதல்லதான்க்கா கஷ்டம். அப்புறம் ஒண்ணும் தெரியாது."

மேலே பிரமிளாவின் கை படியிலேயே ஒரு கணம் நின்றது. பிறகு நகர்ந்தது. அவள் திரும்பவில்லை.

"கோவிந்தா" என்று சொல்லி அந்தப் பெண் முதல் படியில் கால் வைத்தாள். கோதை தடவிய மஞ்சள் இன்னும் காயவில்லை. அது அவள் பாதத்தில் ஒட்டிக்கொண்டு ஏறியது. பிரமிளாவின் குனிந்த முதுகைத் தாண்டி, வெறும் கல்லில் முழுப் பாதமாக ஒரு தடம் விழுந்தது. அடுத்த படியில் குதிகால் மட்டும். அதற்கடுத்ததில் ஒரு விரல்.

அதற்கு மேல் கல்தான் தெரிந்தது.